ஒரே மூச்சில் ஆறு பெயர்

பிறருக்கு ஒரு கஷ்டம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஆளைக் கூப்பிட்டுக் காரியத்தை முடித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. 'அவசரமா ஒரு வேலை இருக்கு' என்று நழுவுகிறவர்கள் நிறைய உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஜாதி ஒன்று நம் ஊரில் சில வருஷங்களாகப் பெருகி வருகிறது. அவர் உங்கள் கஷ்டத்தைக் காது கொடுத்துத்தான் கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணில் ஒரு பளபளப்பு ஏறும். ஐயோ பாவம், நமக்காகக் கலங்குகிறார் என்று நீங்கள் நெகிழ்ந்துபோவீர்கள். கலக்கமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "இவ்வளவுதானே? இதுக்கு ஒரு ஆப் போட்டுடலாம்" என்பார். இவருக்குப் போட்டுடலாம் ஆசாமி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். வீட்டுக் குழாய் ஒழுகினால் மற்றவர்கள் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். இவர் குழாய் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை எழுதி, அதில் நீல நிறத்தில் ஒரு வரைபடம் வரைந்து, அதை வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பி, இரண்டு நாள் பாராட்டு வாங்குவார். குழாய்? அது ஒழுகிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்குப் பிரச்சினை முதலில் வந்து தீர்வு பிறகு வரும். இவருக்குத் தீர்வு முதலில் வந்துவிடும், அதற்கு ஏற்ற பிரச்சினையைத் தேடிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வெறுங்கையோடு திரும்பி வருவது வழக்கமில்லை.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒன்று வேண்டுமென்றால் நீங்கள் திருவண்ணாமலைக்கு, வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடுகள் முளைத்திருக்கும் ஒரு தெருவுக்கு வர வேண்டும். அங்கே மாடி அறையில் கிரீஷ் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி சாஃப்ட்வேர் வேலை. ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள். கிரீஷின் நாற்காலி சுவரைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கிறது, ஏனென்றால் லேப்டாப் சார்ஜர் போடும் இடம் அங்கேதான் இருக்கிறது.

கீழே அவருடைய அப்பா ஏகாம்பரநாத குருக்கள். அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்யும் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. முறை இல்லாத நாட்களில் அவர் வீடுகளுக்குப் போய் ஹோமம், கிரகப்பிரவேசம் செய்துவைப்பார். பேச்சு குறைவு. மகன் மாடியிலிருந்து எதைக் கொண்டுவந்து காட்டினாலும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க ஒரு ஆப் போடலாமா என்றுகூட கிரீஷ் யோசித்ததுண்டு.

கிரீஷின் பழைய சாதனைகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாமல் அலைகிறார்களே என்று அவருக்கு ஒரு முறை இரக்கம் வந்தது. தொலைந்த செருப்பைக் கண்டுபிடிக்க ஆப் போட்டார். எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. செருப்போடு ஒரு செல்போனையும் கட்டிவைக்க வேண்டும், அவ்வளவுதான். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. அவருக்குள்ளேயே இன்னொரு கிரீஷ் உண்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இந்த கிரீஷைப் பார்த்துச் சிரிப்பதே அவன் வேலை. செருப்பு விஷயத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்காக யாராவது கோட் எழுதுவதை நிறுத்துவார்களா?

அப்புறம்தான் சந்தி வந்தது.

சம்ஸ்கிருதத்தில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால், முன்னதன் கடைசி ஒலியும் பின்னதன் முதல் ஒலியும் கலந்து வேறாக மாறும். மகா, இந்திரன் இரண்டும் சேர்ந்து மகேந்திரன். சூரியன் உதித்தால் சூரியோதயம். எதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பழைய இலக்கணக்காரர்கள் விதி எழுதி, விதிக்கு விலக்கு எழுதி, இரண்டு விதி மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்பதற்கும் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார்கள். கிரீஷ் சின்ன வயதில் இதையெல்லாம் தலையில் குட்டு வாங்கி மனப்பாடம் செய்தவர். நாற்பது வயதில் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. இது கோட் அல்லவா? எழுதினவர்கள் புரோகிராமர்கள் அல்லவா? வாயில் நுரையோடு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார்.

"தேவசேனா! எல்லாம் ரெடியா எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. கம்ப்யூட்டர் ஒண்ணுதான் பாக்கி."

"மொதல்ல வாயைக் கொப்புளிங்கோ," என்றாள் தேவசேனா. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூட்டல் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது.

மூன்று வருஷம் ஓடியது. எந்த இரண்டு சொல்லைக் கொடுத்தாலும் விதிப்படி சேர்த்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர் வளர்ந்தது. ஒரு விதியைச் சேர்த்தால் முந்தாநாள் சேர்த்த விதி கோபித்துக்கொண்டு படுத்துவிடும். அதை எழுப்பினால் இது படுக்கும். "முடிஞ்சுதா?" என்று தேவசேனா கேட்கும்போதெல்லாம், "முடிஞ்சாச்சு, ஒரே ஒரு விதி பாக்கி" என்பதுதான் பதில். போட்டுடலாம் ஆசாமியின் வீட்டில் இந்த வாக்கியம் தினசரி கேலண்டர் மாதிரி, தேதி மட்டும்தான் மாறும்.

ஒரு வழியாக முடிந்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாருக்கு வேண்டும்? அதைப் பற்றி யோசிக்க அவருக்கு இதுவரை நேரம் கிடைத்திருக்கவில்லை. வேத பாடசாலையில் கேட்டார். அவர்கள், பையன்கள் மனப்பாடம் பண்ணுகிறார்கள், போதும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வீட்டு மளிகைச் சீட்டை அதில் போட்டு, சேர்ந்து வந்ததை அப்படியே வேடியப்பன் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். உப்பும் எண்ணெயும் விதிப்படி சேர்ந்து 'உப்வெண்ணெய்' ஆயின. வேடியப்பன் ரொம்ப நேரம் யோசித்து, உப்புப் போட்ட வெண்ணெய் அரைக் கிலோ கட்டிக் கொடுத்தனுப்பினார். அன்றைக்குத் தாளிக்க எண்ணெய் இல்லை. சாம்பாரில் வெண்ணெய் மிதந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம். கிரீஷுக்குப் பாடசாலையும் வேண்டாம், வேடியப்பனும் வேண்டாம். அப்பா ஒரே ஒரு தடவை 'பேஷ்' என்று சொன்னால் போதும். வேதம் படிக்க அனுப்பிய பிள்ளை இன்ஜினியரிங் படித்துவிட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டான், அவன் செய்கிற எதுவும் கீழே இருக்கிறவருக்குப் புரிவதில்லை, இந்த ஒன்று புரியும். இதற்காகத்தான் மூன்று வருஷமும். இதை அவர் வெளியே சொன்னதில்லை. உள்ளே இருக்கும் அந்த இன்னொரு கிரீஷ்கூட இந்த இடத்தில் மட்டும் சிரிப்பதில்லை.

இந்தச் சமயத்தில்தான் மூர்த்தி வந்தார்.

மூர்த்தி கீழ்பென்னாத்தூர்க்காரர். மணிலா என்கிற வேர்க்கடலைப் பயிர், இரண்டு வேன், நல்ல வசதி. பையன் இனியனுக்கு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை கிடைத்ததால் குருக்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புது வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, தட்டில் பழம் வெற்றிலையோடு வந்து உட்கார்ந்தவர், எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"சாமி, ஒரு விசயம். எந்தம்பி குடும்பம் வருது."

"பேஷா வரட்டும்," என்றார் குருக்கள்.

"பேசி வருசக்கணக்காவுது சாமி. நெலத்துல டிராக்டர் வுட்டு ஓட்டும்போது நடு வரப்பு கொஞ்சம் அழிஞ்சி போச்சு. வேணும்னு செஞ்சேன்றான். எம்பையன்தான் நேர்ல போயி அழைச்சிருக்கான். வரேன், ஆனா புது ஊட்டுல சாமி முன்னாடி எங்க பேரையும் சேத்துச் சொல்லணும்னு சொல்லியனுப்பிச்சிருக்கான். அத காதால கேக்கத்தான் வரான். அவங்க மூணு பேரு பேர மட்டும் வுட்டுடாதீங்க சாமி."

"விடமாட்டேன். போய்ட்டு வாங்கோ," என்றார் குருக்கள். சங்கல்பம் என்று ஹோமத்துக்கு முன்னால் சொல்வார்கள் அல்லவா, இன்ன நாளில் இன்ன குடும்பத்தில் இன்னின்ன பேர் நலமாக இருக்க வேண்டி இதைச் செய்கிறோம் என்று? அதில் வரும் பெயர்களைத்தான் மூர்த்தி சொன்னார். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, குருக்கள் வாங்கி வாங்கிச் சொல்வதுதான் வழக்கம்.

மூர்த்தி படியிறங்கிய பிறகு குருக்கள் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "இப்பல்லாம் பேர் ஜாஸ்தியாப் போயிடுத்து. நாப்பது பேர் இருக்கற குடும்பம்னா நாக்கு வறண்டு போறது."

அவ்வளவுதான். மாடிப்படியில் நின்றிருந்த கிரீஷின் கண்ணில் பளபளப்பு ஏறிவிட்டது.

"அப்பா! பேர்களை ஒண்ணொண்ணா எதுக்குச் சொல்லணும்? சந்தி போட்டுச் சேர்த்துட்டா ஒரே மூச்சுல போயிடும். இது ஆறே பேர்தான், வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துடலாம். டேப்லட்ல பெரிய எழுத்தாப் போட்டுத் தரேன்."

"ம்," என்றார் அப்பா.

"இந்த ஒரு தடவைப்பா. ஒரு எழுத்து மாத்தாம, நடுவுல நிறுத்தாம படிக்கணும். வாக்குக் குடுங்கோ."

அப்பா மகனை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிடா. படிக்கறேன்," என்றார்.

அன்று ராத்திரி கிரீஷுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். ஆறு பெயர்களையும் போட்டார். சாஃப்ட்வேர் ஒரு நொடியில் சேர்த்துக் கொடுத்தது. ஒவ்வொரு இணைப்பையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்பழுக்கு இல்லை. தேவசேனாவிடம் காட்டினார். அவள் அந்த நீளமான வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு முறை பார்த்தாள்.

"இதுல யார் பேர் எங்க இருக்கு?"

"எல்லாம் உள்ள இருக்கு."

"உள்ள இருக்கறது அவா காதுல விழுமா?"

"விதிப்படி சரியா இருக்கு, தேவசேனா."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்பது அவருக்கே தெரிந்தது. உள்ளே இருந்த கிரீஷ் மெல்லக் கனைத்தான். மீட்டிங்கில் யாராவது அசௌகரியமாகப் பேசினால் என்ன செய்வாரோ அதையே செய்தார். அவன் மைக்கை அணைத்துவிட்டார்.

புது வீடு. வாசலில் வாழைமரம், உள்ளே பெயிண்ட் வாசனையும் ஹோமப்புகையும். பசுவும் கன்றும் கூடத்துக்குள் வந்து, கன்று மட்டும் வெளியே போக மறுத்து, ஒரு வழியாகப் போயிற்று. மூர்த்தியும் அவர் மனைவி ஆராயியும் பட்டு உடுத்தி மணையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி இளஞ்செழியன், மனைவி சிந்துஜா, காலேஜ் படிக்கும் மகள் இனியாவோடு வந்து, உள்ளே போகாமல் வாசற்கதவை ஒட்டிச் சுவரோரமாக உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி வைக்கும்போது முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். கிளம்பும்போது நேரம் மிச்சமாகும் பாருங்கள். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"உங்க சித்தப்பாவ உள்ள வந்து உக்கார சொல்லுடா," என்றார் மூர்த்தி மகனிடம்.

"இங்கயே காத்து நல்லாத்தான் வருதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லுடா," என்றார் இளஞ்செழியன். இரண்டு பேருக்கும் நடுவே ஆறடி தூரம்தான்.

கிரீஷ் டேப்பைத் துடைத்து அப்பா கையில் கொடுத்துவிட்டுச் சமையல்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குருக்கள் நாள், நட்சத்திரம், ஊர் எல்லாம் சொல்லிப் பெயர்களுக்கு வந்தார். தங்கள் பெயர் வரும்போது வீடியோ பிடிக்கலாம் என்று இனியா செல்போனைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இளஞ்செழியன் முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார். குருக்கள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மூர்த்யாராயீனியன்னிளஞ்செழியன்ஸிந்துஜேனியா..."

என்ன உச்சரிப்பு! என்ன ஓட்டம்! ஒரு பிசிறு உண்டா, ஒரு தடங்கல் உண்டா? கிரீஷ் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாகிவிட்டது. தன் மூன்று வருஷமும் அப்பாவின் தொண்டையில் ஏறி, கணீரென்று கூடத்தைச் சுற்றி வருவதாக அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு மூச்சு நேரம் அவரைப் போல சந்தோஷமான மனிதர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

அவர் கண்ணை மூடியிருந்ததால் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஏதோ புது அம்மன் பெயர் என்று நினைத்து ஆராயி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பிறகு சந்தேகம் வந்தது. "யாரு பேரு அது?" என்று புருஷனைக் கேட்டாள். "சமஸ்கிருதம். கம்முனு இரு," என்றார் மூர்த்தி. இனியா இன்னும் போனைத் தூக்கியபடியே இருந்தாள். குருக்கள் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"சாமி, எங்க பேரு எப்ப வரும்?"

குருக்கள் வாய் திறப்பதற்குள், சமையல்காரர் பக்கத்திலிருந்து உற்சாகமாக ஒரு பதில் வந்தது. "வந்துடுச்சுங்க!"

போட்டுடலாம் ஆசாமிக்கு வாய் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

"எங்க வந்துச்சு? நான் காத தீட்டிக்குனுதான உக்காந்துக்குனு இருக்கேன்?"

கிரீஷ் ஓடிப்போய் அப்பா கையிலிருந்த டேப்பை வாங்கி, இளஞ்செழியன் முன்னால் நீட்டி, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இதோ பாருங்க. இனியன் முடியற எடத்துலேயே நீங்க ஆரம்பிச்சுடறீங்க. நடுவுல கோடே தெரியாது. அதுதான் இதோட அழகே!"

இளஞ்செழியன் டேப்பைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"நடுவுல கோடே தெரியாதா? அது எங்க ஊட்டு வழக்கம்தான் சார். நெலத்துலயும் இப்பிடித்தான் வரப்ப அழிச்சி ஒண்ணா சேத்துக்கினாரு. இப்ப பேரையும் சேத்துக்கினாரா?"

"எம்பொண்ணு பேரு எங்க கீது?" என்றாள் சிந்துஜா.

இங்கேயாவது கிரீஷ் நிறுத்தியிருக்கலாம். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருக்கும்போது அந்த இனத்தால் நிறுத்த முடியாது. "உங்க பேரோட கடைசி எழுத்தும் பாப்பா பேரோட முதல் எழுத்தும் கலந்து, ரெண்டும் போயி, நடுவுல ஏ வந்துடுச்சு."

"எம்பொண்ணு போயி ஏ வந்துடுச்சா?" என்று சிந்துஜா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். இளஞ்செழியனும் எழுந்து செருப்பில் ஒரு காலை விட்டுவிட்டார்.

"இன்னா சாமி இது? நாந்தான் அவ்ளோ தூரம் வந்து சொன்னனே," என்றார் மூர்த்தி. ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டேப்பை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, கிரீஷ் கூடத்தின் நடுவில் நின்றார். எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குருக்கள் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். கிரீஷ் டேப்பைக் கொடுத்தார். அவர் அதைக் கவிழ்த்து, தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூர்த்தி, நீங்கதானே பெரியவர்? நீங்க சொன்னாத்தான் நான் சொல்ல முடியும். பேரைச் சொல்லுங்கோ."

"மூர்த்தி."

குருக்கள் அதை வாங்கி, மந்திரத்தில் வைத்து, தனியாகச் சொல்லி நிறுத்தினார். "அப்புறம்?"

"ஆராயி." நிறுத்தினார். "இனியன்." நிறுத்தினார்.

"அப்புறம்?"

மூர்த்தி ஹோமகுண்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்புச் சண்டைக்குப் பிறகு அவர் வாயில் தம்பி 'அவன்' ஆகிவிட்டார். கோபம் அதிகமான நாட்களில் 'மேலண்டக் கொல்லைக்காரன்', அதாவது மேற்குப் பக்கத்து நிலத்துக்காரன். பெயர் வாய்க்கு வந்தே எவ்வளவு நாள் ஆகிவிட்டது!

"எந்தம்பி, சாமி."

"பேரு?"

"இளஞ்செழியன்."

"நல்லா ஒரக்கத்தான் சொல்லேன்," என்றாள் ஆராயி.

"இளஞ்செழியன்!" என்றார் மூர்த்தி. புது வீட்டின் காலிச் சுவர்களில் அது பெரிதாகக் கேட்டது. "அவன் ஊட்டுக்காரி சிந்துஜா." அடுத்ததைக் குருக்கள் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார். "எங்க பாப்பா, இனியா."

குருக்கள் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு செருப்போடு நின்றிருந்த இளஞ்செழியன் அதைக் கழற்றினார். வந்து, சுவரோரத்தில் இல்லை, மணைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வரப்பைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. ஆனால் பால் பொங்கியதும் முதல் டம்ளரை ஆராயி இனியாவிடம்தான் கொடுத்தாள்.

திரும்பும்போது கிரீஷ் ஸ்கூட்டர் ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். கிரீஷுக்கு வெட்கமாக இருந்தது. தெரு முனையில் பெங்களூர் பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் வண்டியை நிறுத்தவேண்டி வந்தது.

"ஒரு குத்தம் கிடையாதுடா," என்றார் அப்பா பின்னாலிருந்து.

"என்னப்பா?"

"நீ சேர்த்திருந்தது. நானே சேர்த்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். பேஷ்."

மூன்று வருஷமாகக் காத்திருந்த சொல். பஸ் ஹாரனுக்கு நடுவே வந்து சேர்ந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் கிரீஷ் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படிக்கறச்சேயே தெரிஞ்சுதாப்பா, அவாளுக்குப் புரியாதுன்னு?"

"ரெண்டாவது பேர்லயே தெரிஞ்சுடுத்து."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"வாக்குக் குடுங்கோன்னியே." அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார், "நீ மாடிலேர்ந்து இறங்கி வந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டு எத்தனை நாளாச்சு. எப்படிடா இல்லேங்கறது?"

பஸ் நகர்ந்தது. கிரீஷுக்குச் சாலை சரியாகத் தெரியாததால் மெதுவாகத்தான் ஓட்டினார்.

அன்று சாயங்காலம் அவர் லேப்டாப்பை மூடிவைத்தார். சந்தியைத் தொடுவதில்லை என்று தேவசேனாவிடம் சொன்னார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு மலையைக்கூடப் பார்த்தார். தேவசேனா நம்பாவிட்டாலும் சந்தோஷப்பட்டு, நல்ல எண்ணெயில் அப்பளம் பொரித்தாள். உள்ளே இருந்த கிரீஷும் சிரிக்காமல் மரியாதையாக இருந்தான்.

அடுத்த வாரம் காலையில் வாயில் நுரையோடு ஓடிவந்தார்.

"தேவசேனா! எங்க தப்புன்னு தெரிஞ்சுடுத்து. அப்பா 'அப்புறம்? பேரு?'ன்னு கேட்டார் பாரு, அந்தக் கேள்விதான் நம்ம ஆப்புல இல்லை. ஆப்பே கேக்கணும். அப்பா குரலையே ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடலாம்!"

தேவசேனா அவரையே பார்த்தாள். "உங்கப்பா கீழதான் இருக்கார்," என்றாள். "குரல் வேணும்னா அவரண்ட போய்ப் பேசுங்கோ."

கிரீஷ் கீழே போனார். எதற்காகப் போனார் என்பது வேறு விஷயம், போய் வெகுநேரம் ஆகியும் மேலே வரவில்லை.

வாசகரே, இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பாவப்பட்ட மனிதர் ஒரு காலில் செருப்போடு நின்ற இடத்தில் உங்கள் மனசு எங்கே இருந்தது? அவரிடமா? இல்லை, 'பெயருக்கும் பெயருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுகிற மாதிரி ஒரே ஒரு செட்டிங் வைத்திருந்தால் போதுமே' என்றா? அப்படித் தோன்றியிருந்தால் கூச்சப்பட வேண்டாம். இதை எழுதுகிறவர் அதே இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த செட்டிங்கைத் திரையில் மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. இப்படி நம்மைப் போல ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். எப்படி எடுப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கண்ணில்தான் பளபளப்பு ஏறிவிட்டதே.